சாம்பல் நிறச் சேட்டு

பாட்டு எல்லோருக்கும் தெரியும். வன்னியில் ஒரு கலியாண வீடென்றால் ஐயர் பிந்தி வந்தாலும் வருவார், அந்தப் பாட்டு பிந்தாது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் வயல் வரம்பில் கைகோத்து நடக்கிற வீடியோவுக்கு அதைத்தான் போடுவார்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் மாங்குளம் வருவதற்குள் இரண்டு தடவையாவது கேட்டுவிடலாம். வந்து பத்து வருடமாகியும் அலுக்காத பாட்டு என்று வானொலிக்காரர்கள் மெச்சிக்கொள்கிறார்கள்.

அது எப்படி எழுதப்பட்டது என்பதற்குத்தான் ஆளுக்கொரு கதை. ஒரு அறிவிப்பாளர், கனடாவுக்குப் போய் மறந்துபோன காதலனை நினைத்து கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை எழுதியது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். யூடியூப்பில் இன்னொருவர் அந்தக் காதலனை மோட்டார் சைக்கிள் விபத்தில் கொன்றேவிட்டார். எல்லாம் சுத்தப் புளுகு. கம்பஸ் பிள்ளையும் இல்லை, கனடாவும் இல்லை. அந்தப் பாட்டு அக்கராயனில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற இராசமலரின் வாயிலிருந்து வந்தது. அவருக்குக் கவிதையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரு வாக்குமூலம் மட்டும்தான்.

இராசமலரின் புருஷன் தவராசா உழவு மெசின் ஓட்டியவர். சண்டையின் கடைசி மாதங்களில் அந்த மெசினிலேயே காயப்பட்ட ஆட்களை ஏற்றி இறக்கியவர். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சனம் எல்லாம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, இயக்கத்துக்கு ஒருநாள் வேலை செய்தவர்களும் வந்து பெயர் பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தவராசா நேர்மையான மனுசன். பொய் சொல்லி மாட்டுப்பட்டால் பிறகு கரைச்சல் என்று யோசித்தார். “போய்ப் பதிஞ்சிட்டு வாறன்” என்றார். மூன்று வயது யதுர்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இராசமலரும் “ஓம், பதிஞ்சிட்டு வாங்கோ” என்றுதான் சொன்னார். அந்த “ஓம்” அவரை இன்றுவரைக்கும் தின்கிறது.

பதியப் போகிற ஆள் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று அன்று காலையில் இராசமலர் அவருடைய சேட்டைப் பார்த்தார். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. நெஞ்சு தெரிய ஆட்களுக்கு முன்னால் போய் நிற்பதா? மகளின் சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்து அதில் வைத்துத் தைத்தார். பூப்போல் வெட்டிய சின்னச் சிவப்புப் பொத்தான். “இதென்னப்பா, என்னைக் கோமாளி ஆக்கிப்போட்டீர்” என்று தவராசா சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான். பிறகு அவரை மற்றவர்களோடு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், பஸ் போனது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் காணாமற்போனவர்களைப் பற்றி முதலாவது விசாரணை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்கக் கேட்க இராசமலர் சொன்னார். பொத்தான் கதைக்கு வந்ததும் அந்த மனுசன் பேனையைத் தூக்கிவிட்டார். “பொத்தான், ஊசி எல்லாம் எழுத இடமில்லை. நிறத்தை மட்டும் சொல்லுங்கோ.” சாம்பல் நிறம் என்று இராசமலர் சொன்னார். எழுதி வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தார், பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

‘கடைசியாகக் கண்டபோது சாம்பல் நிற நீட்டுக்கைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்திருந்தார். கையில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார். உயரம் ஐந்தடி ஏழங்குலம். இடது புருவத்தில் ஒரு தழும்பு. பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திரும்பி வருவேன் என்றார்.’

இரண்டாவது விசாரணையில் ‘போத்தல்’ என்பதற்குப் பதிலாகத் தண்ணிக் கான் என்று சொல்லிவிட்டார். போச்சு. “அம்மா, அப்ப போத்தல் எண்டீங்கள், இப்ப கான் எண்டுறீங்கள். எது பொய்?” என்று மேசையில் இருந்த ஒரு வாலிபன் அவரை நிற்கவைத்துக் கேட்டான். ஒரு சொல் மாறினாலும் கோப்பை மூடிவிடுவார்கள் என்று வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்களிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது. முதல் வாக்குமூலத்தைப் பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்குவதுபோல் பாடமாக்கவேண்டும். எழுதியதற்குக் கூடச் சொல்லக்கூடாது, குறையச் சொல்லக்கூடாது. வாகன வரிசையிலும் மரநிழலிலும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்களைச் சோதனைக்குப் படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளாக்கிய பெருமை அந்த மேசைகளுக்கு உண்டு.

இராசமலர் விடியப்புறம் இடியப்பம் பிழியும்போது பாடமாக்கினார். உரலை அமுக்க ஒரு சொல், தட்டைத் திருப்ப ஒரு சொல். ஒவ்வொரு நாளும் முந்நூறு இடியப்பம், முந்நூறு தடவை தவராசாவின் சேட்டு. மூன்று நான்கு வருடத்தில் அந்தச் சொற்களுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. வேலிக்கு அங்கால் இருந்த தயாபரனுக்குத் தெரிந்தது.

தயாபரன் கோயில் திருவிழாக்களில் கீபோட் வாசிப்பவன். வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூட வாசித்திருக்கிறான். மனைவி கஜனி நல்லாய்ப் பாடுவாள். சொந்தமாக ஒரு பாட்டுப் போடவேண்டும் என்று இரண்டு பேரும் அலைந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“மலரக்கா, விடிய விடிய என்ன பாட்டுப் பாடுறியள்?”

“நான் எங்கயடா பாடுறன்? சும்மா பகிடி விடாதை.”

“‘கடைசியாகக் கண்டபோது’ எண்டு தொடங்குமே. நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன்.”

இராசமலருக்கு முகம் சுண்டிவிட்டது. குளிக்கிற இடத்தில் ஆள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

“அது பாட்டில்லைத் தம்பி. வாக்குமூலம்.”

தயாபரன் தலையை இழுத்துக்கொண்டான். மூன்று நாள் அந்தப் பக்கமே காணவில்லை. நாலாம் நாள் பின்னேரம் கஜனியையும் கூட்டிக்கொண்டு, கீபோட்டையும் தூக்கிக்கொண்டு வாசலால் வந்தான். குசினிக்கு முன்னால் கதிரையில் அதை வைத்து வாசித்தான், கஜனி பாடினாள். தன்னுடைய புருஷனின் உயரமும் தழும்பும் இன்னொருத்தியின் வாயால் அவ்வளவு வடிவாக வருவதைக் கேட்டு இராசமலர் சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“நீங்கள் வேண்டாமெண்டால் இதோட விட்டிடுவன் அக்கா” என்றான் தயாபரன். “சம்மதிச்சால் எல்லா றேடியோவுக்கும் குடுப்பன்.”

“எல்லா றேடியோவுக்குமோ?”

“ஓம். சிங்களப் பக்கம் இருக்கிற தமிழ்ச் சனமும் கேக்கும்.”

இராசமலர் யோசித்தார். எங்கேயோ ஒரு முகாமில், ஒரு சிறையில், ஒரு காவல்காரனின் றேடியோ. சுவருக்கு அங்கால் தவராசா. இந்தப் பாட்டைக் கேட்டால் இது ஆருடைய சேட்டு, ஆருடைய தழும்பு என்று அந்த மனுசனுக்கு விளங்காதா? வீட்டில் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விளங்காதா? ஆறு வருடமாக எத்தனையோ மேசைகளுக்குக் கடிதம் போட்டார். தவராசாவுக்கு ஒரு கடிதம் போட வழியிருக்கவில்லை. இப்போது ஒரு வழி வந்திருக்கிறது.

“சரி, குடு” என்றார்.

“ஆனால் அக்கா, ஒரு இடம் இடிக்குது. சாம்பல்.”

“ஏன், அதுக்கென்ன?”

“சாம்பல் எண்டு பாடினால் ஆர் கலியாண வீட்டில போடுவினம்? செத்தவீடு, காடாத்து நினைப்பெல்லோ வரும். மெட்டிலயும் ஏறுதில்லை. நீலம் எண்டு வைப்பமே?”

“அவர் நீலம் போட்டுக்கொண்டு போகேல்லை.”

“கேக்கிறவைக்கு என்ன தெரியும் அக்கா?”

“கேக்கவேண்டியவருக்குத் தெரியுமெல்லோ.”

தயாபரன் குரலைத் தணித்தான். “சாம்பல் எண்டால் பாட்டு அக்கராயனைத் தாண்டாது. நீலமெண்டால் எங்கயும் போகும். அண்ணை இருக்கிற இடத்துக்கும் போகும்.”

அந்தக் கடைசிச் சொல்லில் இராசமலர் விழுந்துவிட்டார். மற்ற எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நிறம் மாறினதைக் கேட்டுத் தவராசா குழம்பமாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“அப்ப பொத்தானைப் போடு தம்பி. மூண்டாவது பொத்தான், பிள்ளையின்ர சிவப்புப் பொத்தான். அது எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அதைக் கேட்டால் அவருக்குச் சந்தேகமே வராது.”

தயாபரன் கஜனியைப் பார்த்தான். கஜனி சிரிப்பை அடக்கினாள். “காதல் பாட்டில பொத்தானோ அக்கா?” என்றான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பாட்டுக்காரன், பாட்டுக்கு எது நிற்கும் எது விழும் என்றுதான் பார்த்தான். வாக்குமூலத்திலும் இல்லாத பொத்தான்தானே என்று இராசமலரும் விட்டுவிட்டார். பிறகு அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எழுதியதற்கு மேல் சொன்னால் பொய் என்பார்களே என்ற பயம்.

பாட்டு வெளியே வந்தது. தொடக்கம் இப்படி:

கடைசியாய்க் கண்டபோது நீலச் சேட்டு
கையிலே தண்ணிப் போத்தல், கண்ணிலே தூசி
இடது புருவத்தில் ஒரு தழும்பு – அதை
தொட்டவள் நான் ஒருத்தி

தொட்டவள் என்ற வரி தயாபரனின் கைவேலை. அதைக் கேட்டு இராசமலர் ஒரு கிழமை கடைக்காரர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. தயாபரன் உண்மையைச் சொல்லிப் பெயர் போடுகிறேன் என்றுதான் கேட்டான். வேண்டாம், கோப்பில் சிக்கல் வரும் என்று இவர் தடுத்துவிட்டார். அதனால்தான் கம்பஸ் பிள்ளையும் கனடாவும் உள்ளே நுழைந்தார்கள்.

பாட்டு போகாத நாடில்லை. ஆரம்பத்தில் இராசமலர் ஒவ்வொரு நாளும் வாசல் படலையைப் பார்த்தார். ஒரு மாதம், ஒரு வருடம். ஒரு கடிதம், ஒரு ஆள், சிறையிலிருந்து வெளியே வந்த யாராவது “உங்களைத் தேடச் சொன்னார்” என்று ஒரு சொல். ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் பாட்டுத்தான். வேலிக்கு அங்கால், பக்கத்துக் கடையில், மகளின் பள்ளிக்கூட மேடையில். யதுர்ஷிகா ஒன்பது வயதில் அதைப் பாடிப் பரிசு வாங்கினாள். அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. அடையாள அட்டையிலிருந்து எடுத்த முத்திரையளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் அவளுக்கு அந்தப் பாட்டுத்தான். நீலச் சேட்டுப் போட்ட ஒரு அப்பா.

நெடுங்கேணியில் தமையனின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. ஆராத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்று பெண்கள் ஆள் பார்த்தார்கள். மாமி முறைக்காரி இராசமலர் பொட்டும் தாலியுமாக முன்னாலேயே நின்றார். பார்த்தவர்களின் கண் அவரில் ஒரு நொடி நின்று வழுக்கிப் போனது. கைம்பெண் என்று சொல்லவும் அவர்களுக்கு மனமில்லை, இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. கடைசியில் தூரத்துச் சொந்தம் ஒருத்தி வந்து தட்டைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் பாட்டைப் போட்டார்கள். நீலச் சேட்டு என்று இளசுகள் எல்லாம் கைதட்டிக்கொண்டு கூடப் பாடினார்கள். இராசமலர் விலகிப் போய்ச் சமையல் பந்தலில் மரக்கறி வெட்டினார். அவருக்கு அன்று வந்தது அழுகையில்லை, கோபம். யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வாக்குமூலத்தைப் பாடமாக்குவதை எப்போது விட்டார் என்று அவருக்கே நினைவில்லை. விசாரணைகளும் குறைந்துவிட்டன. ஊரே அவருக்காக ஒவ்வொரு நாளும் பாடமாக்கிக்கொண்டிருக்கும்போது அவர் ஏன் வாய் வலிக்கச் சொல்லவேண்டும்? இரண்டாயிரத்துப் பதினெட்டு மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த வாக்குமூலப் பிரதியும் கூழாகிவிட்டது. பரவாயில்லை, எல்லாம் மனதில் இருக்கிறது என்றுதான் நினைத்தார்.

இந்த வருடம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காணியில் தண்ணிக்குழாய் தாழ்க்கத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. எலும்போடு துணிகளும் வந்தன. காணாமற்போனவர்களின் உறவினர் வரலாம் என்று அறிவித்தார்கள். இராசமலர் போகமாட்டேன் என்று இரண்டு கிழமை நின்றார். “அவர் அங்க இல்லையெண்டு தெரிஞ்சுகொள்ளவாவது போவம் அம்மா” என்று யதுர்ஷிகா கேட்டபோதுதான் வெளிக்கிட்டார். உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பை இன்னும் வைத்திருக்கலாமா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் ராஜினி என்று ஒரு இளம் உத்தியோகத்தர், தமிழ்ப் பிள்ளை. முதலில் விபரத்தைச் சொல்லவேண்டும், அதோடு ஒத்துப்போகிற துணிகளின் படங்களைத்தான் காட்டுவார்கள். எல்லாவற்றையும் காட்டினால் கண்டதெல்லாம் தங்களுடையது என்று சனம் அழுமாம்.

இராசமலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதில் அவருக்குப் பழக்கம் உண்டு. “கடைசியாக் கண்டபோது நீலச் சேட்டு. கையில தண்ணிப் போத்தல். இடது புருவத்தில ஒரு தழும்பு.”

ராஜினி எழுதுவதை நிறுத்தினாள். முகத்தில் ஒரு சங்கடம். “அம்மா, குறை நினைக்காதேங்கோ. பாட்டில வாறதைச் சொல்லாதேங்கோ. ஐயாவின்ர விபரத்தைச் சொல்லுங்கோ.”

“அது இவரின்ர விபரம்தான் பிள்ளை.”

“இப்பிடிக் கனபேர் சொல்லுகினம் அம்மா. அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் தங்கட ஆளும் நீலச் சேட்டோட போனமாதிரித்தான் கிடக்குது.” பழைய கோப்பை இழுத்துத் திறந்தாள். விரலை வைத்து வாசித்தாள். “உங்கட முதல் வாக்குமூலத்தில சாம்பல் நிறம் எண்டு கிடக்குது.”

இராசமலர் கோப்பை எட்டிப் பார்த்தார். சாம்பல். ஓம், அப்படி ஒரு சொல் இருந்தது. தயாபரன் ஏதோ சொன்னான், மெட்டு, காடாத்து. கண்ணை மூடி அந்தப் பஸ்ஸைக் கொண்டுவந்து பார்த்தார். தவராசா படியில் கால் வைக்கிறார், திரும்புகிறார். சேட்டு நீலம். திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாலும் நீலம். பத்து வருடமாகக் கஜனியின் குரல் அந்த மனுசனுக்கு நீலம் பூசிக்கொண்டே இருந்திருக்கிறது. உண்மையான சேட்டு அதற்குக் கீழே எங்கேயோ போய்விட்டது, தோண்டி எடுக்க முடியவில்லை.

“நீலம்தான் அம்மா” என்றாள் பக்கத்தில் இருந்த யதுர்ஷிகா. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“நீ பேசாமல் இரு.” இராசமலர் ராஜினியின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, எனக்குத் தெரியேல்லை. நிறம் எனக்குத் தெரியேல்லை. பாட்டுக்குக் குடுத்திட்டன்.”

ராஜினிக்கு விளங்கவில்லை. ஆனாலும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “வேற ஏதும் நினைவிருக்கோ அம்மா? சின்ன விசயமெண்டாலும் பரவாயில்லை” என்றாள்.

இத்தனை மேசைகளில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எழுதியதற்கு மேல் சொல்லக்கூடாது என்று பதினைந்து வருடமாகக் கட்டிவைத்த வாய் திறக்க நேரமெடுத்தது. இனி மாறினால் என்ன, கோப்பை மூடினால்தான் என்ன.

“மூண்டாவது பொத்தான்” என்றார். “மேலயிருந்து மூண்டாவது. சிவப்பு. பூப்போல இருக்கும். இவளின்ர சட்டையில இருந்து வெட்டி நான்தான் தைச்சனான். கறுப்பு நூல். வேற நூல் இருக்கேல்லை.”

ராஜினி எழும்பி உள்ளே போனாள். ஒரு படக்கோப்போடு வந்தாள், பக்கங்களைப் புரட்டினாள், ஒரு இடத்தில் நின்றாள். பிறகு கோப்பை மெதுவாக இவர்கள் பக்கம் திருப்பினாள்.

ஒரு துணி. அதற்கு நிறம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, எல்லாம் சேறு. பக்கத்தில் அளவுக்கு ஒரு அடிமட்டம். துணியின் நடுவில் பொத்தான் மட்டும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சிவப்பு, ஐந்து இதழ். யதுர்ஷிகா எட்டிப் பார்த்தாள். அவள் தன் சட்டைப் பொத்தானை முதல்முறையாகப் பார்த்தாள்.

பாட்டு எழுதியபோது தவராசா அந்தக் காணிக்குள் ஆறு வருடமாகக் கிடந்திருக்கிறார். றேடியோவும் இல்லை, முகாமும் இல்லை. அவருக்காக எழுதிய பாட்டை அவரைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

இராசமலர் அழவில்லை. விரலால் படத்தில் அந்தப் பொத்தானை ஒருக்கால் தொட்டார். “கோமாளி ஆக்கிப்போட்டன் எண்டவர்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் அம்மா உறுதியாச் சொல்லலாம்” என்று ராஜினி சொன்னாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. யதுர்ஷிகா கையை நீட்டினாள். அது முடிந்ததும் ஒரு புதுப் படிவம் வந்தது. பெயர், வயது, உறவுமுறை என்று ராஜினி கேட்டுக் கேட்டு நிரப்பினாள். படிவத்தில் ஒரு கூட்டில் வந்து பேனை நின்றது.

“சேட்டின்ர நிறம் எண்டு ஒண்டு கிடக்குது அம்மா. விட்டிடட்டோ?”

“வேண்டாம், விடாதை. சாம்பல் எண்டு எழுது.”

“இப்ப நினைவு வந்திட்டுதோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை” என்றார் இராசமலர். “எனக்கு இப்பவும் நீலம்தான் தெரியுது. நீ சாம்பல் எண்டே எழுது.”